புத்தி சொல்லும் வரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் பல வருஷமாக வேதபாடம் எடுத்து வருகிறேன். ரோமர் 12ஆம் அதிகாரம் வரும்போதெல்லாம் சந்தேகங்கள் 8ஆம் வசனத்தின் முதல் வரியில், புத்திசொல்லுகிற வரத்தில், வந்து குவியும். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒருவர் கேட்பார், செருப்பைத் தேடும்போது இன்னொருவர் கேட்பார். ஒரே பதிலை எத்தனை தடவை சொல்வது என்று எழுதி வைத்துவிட்டேன்.

நான் இறையியல் கல்லூரிப் பக்கம் போனவன் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார். கிரேக்கம் என்று நான் எழுதும் இடமெல்லாம் அகராதியைப் புரட்டித் தெரிந்துகொண்ட அளவுதான். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

"உற்சாகப்படுத்துற வரம்னு சொல்றீங்க, என் பைபிள்ல அப்படி ஒண்ணும் இல்லையே?"

இருக்கிறது, வேறு பெயரில். ரோமர் 12:6-8இல் பவுல் ஏழு வரங்களைச் சொல்கிறார்: தீர்க்கதரிசனம், ஊழியம், போதித்தல், புத்திசொல்லுதல், பகிர்ந்துகொடுத்தல், தலைமை, இரக்கம். (தலைமை என்ற இடத்தில் நம் வேதாகமத்தில் "முதலாளியானவன்" என்று இருக்கும். கடை முதலாளி இல்லை, முன்நின்று நடத்துகிறவர்.) இதில் நான்காவதாக வருவதுதான் நாம் பேசுவது: "புத்திசொல்லுகிறவன் புத்திசொல்லுகிறதிலும் தரித்திருக்கக்கடவன்."

1 கொரிந்தியர் 12இலும் எபேசியர் 4இலும் வரங்களின் பட்டியல் உண்டு, அவற்றில் இது இல்லை. ரோமரில் மட்டும்தான். அதனால் சிலர் இதைச் சின்ன வரமாக நினைக்கிறார்கள். ஆனால் பவுல் இதைப் போதிக்கிற வரத்துக்கு அடுத்த இடத்தில், அதற்குச் சமமாக வைத்து எழுதுகிறார்.

"புத்தி சொல்றதுன்னா கண்டிக்கிறதுதானே? எங்க பெரியம்மாவுக்கு அந்த வரம் ரொம்பவே இருக்கு!"

இந்தக் கேள்விக்குக் கூட்டமே சிரித்தது. ஆனால் குழப்பம் நிஜமானது. "அவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்று யாராவது சொன்னால் நம் காதில் என்ன விழுகிறது? பையன் தப்பு செய்திருக்கிறான், பெரியவர் உட்கார்த்தி வைத்து நாலு வார்த்தை கேட்கப் போகிறார். அந்தக் காதோடுதான் ரோமர் 12:8ஐயும் கேட்கிறோம்.

மூலத்தில் இருக்கும் சொல் பாராக்லேசிஸ். பக்கத்தில் வரக் கூப்பிடுவது என்ற பொருளிலிருந்து பிறந்தது. கெஞ்சிக் கேட்பது, தைரியம் கொடுப்பது, ஆறுதல் சொல்வது, ஒரு காரியத்தைச் செய்யும்படி ஏவிவிடுவது எல்லாம் அதற்குள் அடங்கும். இதே குடும்பத்துச் சொல்தான் யோவான் 14:16இல் "தேற்றரவாளன்" என்று பரிசுத்த ஆவியானவருக்கு வருகிறது. 1 யோவான் 2:1இல் இயேசுவைப் பற்றி "பரிந்து பேசுகிறவர்" என்று வருவதும் அதுதான். திருவிவிலியம் என்ற இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பில் தேற்றரவாளன் என்ற இடத்தில் "துணையாளர்" என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். பக்கத்தில் ஆள் நிற்பது அதில் தெரிகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1 தெசலோனிக்கேயர் 5:14இல் "ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுங்கள்" என்று படிக்கிறோம். அங்கே மூலத்தில் இருப்பது வேறு சொல், நூதெதேயோ. எச்சரித்துத் திருத்துவது என்ற பொருள். நம் ஆலயங்களில் பெரும்பாலும் வாசிக்கப்படும், 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு இரண்டையும் "புத்திசொல்லுதல்" என்றே எழுதிவிட்டது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவில்லை, அத்தனை பொருளையும் சுமக்கிற ஒற்றைத் தமிழ்ச் சொல் எனக்கும் அகப்படவில்லை. ஆனால் பெரியம்மா செய்வது இரண்டாவது வகை. அதுவும் சபைக்குத் தேவைதான், ஆனால் ரோமர் 12:8 அதைப் பற்றியது இல்லை.

"அப்போ வேதத்துல இந்த வரம் யாருக்கு இருந்துச்சு?"

எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் பர்னபா. அவருடைய சொந்தப் பெயர் யோசே. சீப்புருத் தீவைச் சேர்ந்த லேவியர். "ஆறுதலின் மகன்" என்று அர்த்தம் வரும் பர்னபா என்ற பெயர் அப்போஸ்தலர் வைத்தது (அப்போஸ்தலர் 4:36). அவர் செய்ததாக முதலில் சொல்லப்படும் காரியம், தன் நிலத்தை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து வைத்தது. ஆறுதலின் மகன் நமக்கு அறிமுகமாகும்போது வாயே திறக்கவில்லை.

அப்புறம் 9ஆம் அதிகாரம். சவுல் (இவர்தான் பிறகு பவுல்) எருசலேமுக்கு வருகிறார். நேற்றுவரை வீடு வீடாகப் புகுந்து விசுவாசிகளை இழுத்துப்போனவர், இன்று "நானும் சீஷன்" என்கிறார். எல்லாரும் பயந்து ஒதுங்குகிறார்கள். பர்னபாதான் அவரைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் கூட்டிப்போய் அவருக்காகப் பேசுகிறார். பரிந்து பேசுவது என்று மேலே சொன்னேனே, அதுதான் இது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அந்தியோகியா (11:22-26). புதிதாக விசுவாசத்துக்கு வந்த ஜனங்கள், யூதர் அல்லாதவர்கள், பழக்கவழக்கம் எல்லாம் வேறு. எருசலேம் சபை பர்னபாவை அனுப்பிப் பார்த்து வரச் சொல்கிறது. இந்த மாதிரி அனுப்பப்படுகிற ஆள் வழக்கமாகக் குறை கண்டுபிடிக்கத்தான் போவார். பர்னபா "தேவனுடைய கிருபையைக் கண்டபோது, சந்தோஷப்பட்டு" என்று எழுதியிருக்கிறது. கர்த்தரிடத்தில் நிலைத்திருங்கள் என்று எல்லாருக்கும் புத்திசொல்கிறார். அங்கேயும் பாராக்லேசிஸின் வினைச்சொல்லான பாராக்கலேயோதான். பிறகு, தான் ஒருவனால் ஆகாது என்று தெரிந்து, தர்சு வரை போய் சவுலைத் தேடிக் கூட்டிவருகிறார். இரண்டு பேருமாக ஒரு வருஷம் அங்கே உபதேசிக்கிறார்கள். சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் வழங்கியது அந்த ஊரில்தான்.

"சிலர் பிறவியிலேயே நல்லா கலகலன்னு பேசுவாங்க. அது சுபாவம். வரம்னு ஏன் சொல்றீங்க?"

கலகலப்பாகப் பேசுவதைச் சொல்லவில்லை. கலகலப்பான ஒருவர் வீட்டுக்கு வந்துபோனால் அரைமணி நேரம் சந்தோஷமாக இருக்கும். இந்த வரம் உள்ளவர் வந்துபோனால், விட்ட காரியத்தை மறுபடி எடுத்துச் செய்யலாம் என்று தோன்றும், விட்டுப்போன ஜெபம் திரும்ப வரும். வித்தியாசம் போனபின்தான் தெரியும்.

யோனத்தான் காட்டிலே ஒளிந்திருந்த தாவீதிடம் போனதை 1 சாமுவேல் 23:16 எப்படி எழுதுகிறது பாருங்கள்: "தேவனுக்குள் அவன் கையைத் திடப்படுத்தி." யோனத்தானை நம்பி இல்லை, தேவனை நம்பித் திடப்படுவது. சுபாவத்தால் வரும் தைரியம் பேசுகிறவர் மேல் சாய வைக்கும். சுபாவத்தையே தேவன் எடுத்து வரமாக உபயோகிப்பதும் உண்டு, மறுக்கவில்லை.

"ஒருவருக்கொருவர் புத்தி சொல்லுங்கன்னு எல்லாருக்கும்தானே எழுதியிருக்கு? அப்புறம் தனியா வரம் எதுக்கு?"

எபிரெயர் 3:13 "நாடோறும்" செய்யச் சொல்கிறது, 10:25 சபை கூடிவருவதோடு சேர்த்துச் சொல்கிறது. ஆக, எனக்கு அந்த வரம் இல்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. காணிக்கை போடுவது எல்லாருக்கும் உண்டு, ஆனாலும் பகிர்ந்துகொடுக்கிற வரம் சிலருக்குத் தனியாக உண்டு. அதுமாதிரிதான். வீட்டில் எல்லாரும் சமைப்பார்கள், சபை விருந்தான அசனத்துக்கு அண்டா வைக்க மட்டும் ஒருத்தரைத் தேடுவோம்.

"எனக்கு இந்த வரம் இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஒரு கேள்வித்தாள் இருக்காமே?"

இருக்கிறது, பல மாதிரி. நானும் இரண்டு மூன்று நிரப்பியிருக்கிறேன். ஒரு வருஷம் எனக்குப் போதிக்கிற வரம் வந்தது, அடுத்த வருஷம் இரக்கம் வந்தது. அன்றைக்கு என்ன மனநிலையோ அது வரும் போலிருக்கிறது. பொழுதுபோக்காகச் செய்யலாம், தப்பில்லை.

பர்னபா தனக்குத் தானே அந்தப் பெயரை வைத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். மற்றவர்கள் வைத்தார்கள். உங்களைத் தேடி ஆள் வருகிறதா? மனசு உடைந்தவர்கள், வேலை போனவர்கள், பரீட்சையில் விட்டவர்கள், சபையில் யாரோடும் ஒட்டாதவர்கள் ஆராதனை முடிந்து உங்கள் பக்கம் ஒதுங்குகிறார்களா? "அன்னைக்கு நீங்க சொன்னது" என்று ஆரம்பித்து, உங்களுக்கே மறந்துபோன ஒன்றைச் சொல்கிறார்களா? அப்படியானால் யோசித்துப் பாருங்கள். மூத்தவர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

"நான் ரொம்ப கூச்ச சுபாவம். நாலு பேர் முன்னால வாயே வராது. எனக்கு எப்படி?"

எனக்குப் பதினாறு வயதில் ஆலயத்தில் முதல்முறை வேதபாடம் வாசிக்கச் சொன்னார்கள். என் நேரம், நெகேமியாவில் பெயர்ப் பட்டியல். நாலாவது பெயரில் தடுக்கி, ஏழாவதில் நின்றே போனேன். பின்வரிசையில் பையன்கள் சிரித்தார்கள். இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த வாரம் ஆலயத்தில் மணியடிக்கிற தாத்தா என்னை நிறுத்தி, "தம்பி, அடுத்து உன் முறை எப்போன்னு சொல்லு, நான் முன்னால வந்து உட்கார்றேன்" என்றார். அவ்வளவுதான். அதிகம் பேசுகிறவரே இல்லை. சொன்னபடி வந்து உட்கார்ந்தார். இன்று நான் வேதபாடம் எடுக்கிறேன் என்றால் அந்த ஒரு வரிக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

சிறைக்குள் இருந்த பவுலை ஒநேசிப்போரு தேடிக் கண்டுபிடித்துப் போய்ப் பார்த்தார். "அநேகந்தரம் என்னை இளைப்பாற்றினான், என் விலங்கைக்குறித்து அவன் வெட்கப்படவுமில்லை" என்று பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 1:16). அவர் பேசிய ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. போனார், அதுதான் செய்தி.

"பாராட்டுறதும் இதுவும் ஒண்ணுதானே?"

பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே வீடு இல்லை. "நல்லா பாடினே" என்பது பாராட்டு. "நீ அந்தப் பல்லவியை மெதுவா எடுத்தப்போ பின்னால இருந்த பாட்டிங்ககூட சேர்ந்து பாடுனாங்க, அடுத்த தடவையும் அப்படியே எடு" என்பது உற்சாகப்படுத்துவது. பார்த்ததைச் சொல்கிறது, அடுத்த அடியையும் காட்டுகிறது.

இன்னொரு பக்கத்து வீடும் உண்டு: முகஸ்துதி. பழைய சொல் இச்சகம். நாங்கள் ஒருக்காலும் இச்சகமான வசனங்களைச் சொல்லவில்லை என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதுகிறார். காரியம் ஆக வேண்டியவரிடம் மட்டும் நல்ல வார்த்தை பேசுகிறீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். கமிட்டித் தேர்தல் சமயத்தில் சபையில் கேட்கும் நல்ல வார்த்தைகளை நான் கணக்கில் எடுப்பதில்லை.

"பாராட்டினா பெருமை வந்துடும்னு எங்க சபை ஐயர் (போதகர்) யாரையும் ஒரு வார்த்தை நல்லதா சொல்ல மாட்டார். அது சரிதானே?"

உள்நோக்கம் நல்லதாக இருக்கலாம். நம்மில் பல அப்பாக்களும் அப்படித்தான் வளர்த்தார்கள். ஆனால் பவுல் அப்படி இல்லை. கொரிந்து சபையில் கட்சி, வழக்கு, ஒழுக்கக்கேடு எல்லாம் இருந்தது. அந்தச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தையே அவர் "உங்களுக்காக ஸ்தோத்திரிக்கிறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறார். திட்டு பின்னால் வருகிறது, நிறையவே வருகிறது. முதலில் தேவன் அவர்களுக்குள் செய்ததைப் பார்த்துவிட்டுத்தான்.

பெயர்களாக இருக்கிறதே என்று நாம் தாண்டிப்போகும் ரோமர் 16ஐ ஒருநாள் நிதானமாக வாசியுங்கள். பிரிஸ்கில்லாவும் ஆக்கில்லாவும் என் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள், பெர்சியாள் கர்த்தருக்குள் மிகவும் பிரயாசப்பட்டவள், இப்படி ஆளுக்கு ஒன்று. எல்லாருக்கும் பொதுவாக "நல்லவர்கள்" என்று எழுதிவிட்டுப் போகவில்லை. தேவன் செய்ததை எடுத்துச் சொன்னால் பெருமை வருவது குறைவு. யாரும் எதுவும் சொல்லாத இடத்தில்தான் ஆள் தன்னைத் தானே புகழ ஆரம்பிக்கிறான், நான் பார்த்தவரை.

"துக்க வீட்டுக்குப் போனா என்ன சொல்றதுன்னே தெரியல. வசனம் சொல்லலாமா?"

முதலில் போங்கள். என்ன சொல்வதென்று தெரியாததால் போகாமல் இருப்பவர்கள் நிறைய. யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் ஏழு நாள் தரையில் அவரோடு உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்தபின்தான் யோபு அவர்களை "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்றார் (16:2). பரிசுத்த ஆவியானவருக்கு வரும் அதே தமிழ்ச் சொல், முன்னால் ஒரு அடைமொழியோடு.

"கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று நாம் துக்க வீட்டில் கைகொடுக்கும்போது சொல்கிறோம். அது யோபு தன் பிள்ளைகளைப் பறிகொடுத்து, தானே சொன்னது. சிநேகிதர் யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை. இழந்தவர் சொன்னால் அது விசுவாச அறிக்கை. வந்து நிற்கும் நாம் சொன்னால் வேறு மாதிரிக் கேட்கும். "தோட்டத்துல நல்ல பூவைத்தான் ஆண்டவர் பறிப்பார்" என்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிள்ளையை இழந்த ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "என் பிள்ளை சுமாரா இருந்திருந்தா விட்டிருப்பாரா?"

சரி, என்னதான் சொல்வது? இறந்தவர் பெயரைச் சொல்லுங்கள். அவரைப் பற்றி உங்களுக்கு ஞாபகம் இருக்கும் ஒன்றைச் சொல்லுங்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகு, கூட்டம் வடிந்தபின், இன்னொரு தடவை போங்கள். அப்போது அவர்களே ஒரு வசனம் கேட்கலாம்.

"நான் தினமும் காலைல வாக்குத்தத்த வசனம் எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்புறேன். இது போதாதா?"

அனுப்புங்கள். சிலருக்கு அது அன்றைக்கென்றே வந்த வார்த்தையாக இருந்திருக்கிறது. ஆனால் ரோஜாப்பூ படத்தோடு இருநூறு பேருக்குப் போவது யாருக்கும் போகாததற்குச் சமம் ஆகிவிடவும் கூடும். ஏசாயா 50:4 "இளைப்படைந்தவனுக்குச் சமயத்திற்கேற்ற வார்த்தை" என்கிறது. இளைத்திருப்பது யார், சமயம் எது என்று தெரிந்தால்தானே? அந்த வசனத்தின் அடுத்த பாதி காதைப் பற்றியது. காலைதோறும் கேட்கும்படி என் செவியைக் கவனிக்கச் செய்கிறார் என்று வருகிறது. இருநூறில் ஒருவருக்கு மட்டும் போன் போட்டு, அவர் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள்.

"ஒரு சகோதரி மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுறாங்க. விசுவாசம் இருந்தா மாத்திரை வேண்டாமேன்னு தைரியம் சொல்லலாமா?"

சொல்லாதீர்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் தீர்மானிக்க வேண்டியது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற மூப்பரிடம் யாரும் இப்படிப் பேசுவதில்லை.

1 இராஜாக்கள் 19இல் எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். தூதன் வந்து விசுவாசத்தைப் பற்றிப் பேசவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டி "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறார். இரண்டாவது தடவையும் அதேதான். தேவன் பேசுவது அதற்கப்புறம். ஆகவே அந்தச் சகோதரிக்கு நீங்கள் செய்யக்கூடியது: மருத்துவரிடம் போகும் நாளில் கூடப் போங்கள், ஒருநாள் சமைத்துக் கொடுங்கள், பிள்ளைகளை ஒரு மாலை பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவதைப் பற்றிப் பேசினால் லேசாக எடுக்க வேண்டாம். தனியாக விடாதீர்கள், வீட்டாருக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

"ஒருத்தர் ஜெபத்துக்காக மனசைத் திறந்து சொன்னதை ஜெபக் குழுவுல போட்டா தப்பா?"

அவரைக் கேட்காமல் போட்டால் தப்பு. "பெயர் வேண்டாம், நம்ம தெருவுல ஒரு சகோதரி, கணவர் வெளிநாட்டுல..." என்று போட்டாலும் தப்புதான், பெயர் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஆள் தெரிந்துவிடுகிறது. சபைகளில் மனம் திறப்பது நின்றுபோவதற்கு ஜெபக்குறிப்பு என்ற பெயரில் பரவும் செய்திதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

மூடி வைக்கக் கூடாதது ஒன்று உண்டு. உயிருக்கு ஆபத்து என்றாலும், ஒரு பிள்ளைக்கு யாராவது கெடுதல் செய்கிறார்கள் என்றாலும் ரகசியம் காக்கக் கூடாது. சிறார் பாலியல் குற்றங்களைத் தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும் என்று 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் சொல்கிறது. சிறார் உதவி எண் 1098. "சபைக்குக் கெட்ட பேர் வரும்" என்பது இங்கே ஒரு காரணமே இல்லை.

"குழந்தை இல்லாதவங்களுக்கு 'அடுத்த வருஷம் இந்நேரம் கையில பிள்ளை இருக்கும்'னு சொன்னா அவங்களுக்கு நம்பிக்கை வருமே?"

வரும். அடுத்த வருஷம் இந்நேரம் கை வெறுமையாக இருந்தால் அந்த நம்பிக்கை அவர்களைத்தான் குற்றவாளி ஆக்கும். சொன்னவர் வேறு ஊரில் வேறு கூட்டத்தில் இருப்பார்.

யோனத்தானை மேலே சொன்னேன். 1 சாமுவேல் 23:17இல் அவர் தாவீதிடம் இரண்டு காரியம் சொல்கிறார்: நீர் இஸ்ரவேலுக்கு ராஜாவாவீர், நான் உமக்கு இரண்டாவதாக இருப்பேன். முதலாவது தேவன் ஏற்கெனவே சாமுவேல் மூலம் சொன்னது, நடந்தது. இரண்டாவது யோனத்தானுடைய ஆசை. அவர் கில்போவா மலையில் செத்துப்போனார், தாவீது சிங்காசனம் ஏறியதைப் பார்க்கவே இல்லை. அன்பான சிநேகிதன், நல்ல எண்ணம், உண்மையான வரம். ஆனாலும் தேவன் சொன்னதும் தன் ஆசையும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. நமக்கும் வரும். அந்தியோகியாவில் பர்னபா எந்தத் தேதியும் கொடுக்கவில்லை, நிலைத்திருங்கள் என்றார். குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிக்கு "நான் உங்களோடு காத்திருக்கிறேன்" என்று சொல்லலாம். அது நம் கையில் இருக்கிற வாக்கு.

"மாற்கு விஷயத்துல யார் சரி, பவுலா பர்னபாவா?"

வேதபாடத்தில் அரைமணி நேரம் சண்டை நடக்கும் கேள்வி. பவுலும் பர்னபாவும் போன முதல் ஊழியப் பயணத்தில், கூடப் போன மாற்கு பெர்கே வரை வந்துவிட்டு எருசலேமுக்குத் திரும்பிப் போய்விட்டார். அடுத்த பயணத்துக்கு அவரைக் கூட்டிப்போகலாம் என்றார் பர்னபா, வேண்டாம் என்றார் பவுல். கடுங்கோபம் மூண்டு பிரிந்தார்கள் (அப்போஸ்தலர் 15:39). பவுலையே ஒரு காலத்தில் யாரும் சேர்க்காதபோது சேர்த்துக்கொண்டவர் பர்னபா என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வேதம் தீர்ப்புச் சொல்லவில்லை. பவுலுக்கு ஆபத்தான பாதை, நடுவழியில் விட்டுப்போகும் ஆள் கூடாது. அதில் நியாயம் உண்டு. பர்னபா தன் இனத்தானான மாற்குவைச் சீப்புருவுக்குக் கூட்டிப்போனார். அங்கே என்ன நடந்தது என்று எழுதப்படவில்லை. ஆனால் கடைசிக் காலத்தில் பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன். இரண்டாம் சுவிசேஷம் மாற்குவின் பெயரில்தான் இருக்கிறது. நான் பர்னபா கட்சி, மறைக்கவில்லை. ஆனால் ஒன்று: அவர் மாற்குவை அடுத்தவர் தோளில் ஏற்றவில்லை, தன்னோடு கூட்டிப்போனார். "அவனுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுங்க" என்று கமிட்டியில் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது இதில் சேராது.

"எல்லாரையும் தட்டிக்கொடுத்துட்டே இருந்தா தப்பை யார் சொல்றது? பர்னபா எப்பவாவது சறுக்கினாரா?"

சறுக்கினார். கலாத்தியர் 2:13. அந்தியோகியாவில் பேதுரு, யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு சாப்பிடுவதை விட்டு விலகினார். மற்ற யூதர்களும் விலகினார்கள். "பர்னபாவும் அவர்களுடைய மாயத்தினாலே இழுப்புண்டான்" என்று பவுல் எழுதுகிறார். எந்த ஜனங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாரோ அதே ஜனங்களோடு பந்தியில் உட்காரவில்லை. யார் மனசும் நோகக் கூடாது என்கிற ஆட்களுக்கு இது பெரிய கண்ணி. வந்தவர்கள் மனசு நோகக் கூடாது என்று பார்த்து, இருந்தவர்களை நோகடித்துவிட்டார். இங்கே எந்தெந்தப் பந்தியில் யார் யார் சேர்ந்து உட்காருவதில்லை என்பது நம் ஊர் சபைகளுக்கும் தெரியாத கதை இல்லை.

இரண்டாவது கேள்வியில் சொன்ன நூதெதேயோ இங்கேதான் வேண்டும். அதற்கு ஒரு பவுல் தேவை. இரண்டு வரமும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரே சபையில் இருந்தால் போதும். கண்டிக்க வேண்டிய கட்டம் வந்தால், அதுவரை கூட நின்றவர் சொல்வது உறைக்கும். நீதிமொழிகள் 27:6 சிநேகிதன் அடிக்கும் அடிகள் உண்மையானவை என்கிறது, அதில் முதல் வார்த்தை சிநேகிதன்.

"நான் எல்லாரையும் தேற்றுறேன். என்னை யார் தேற்றுவா?"

இதை என்னிடம் கேட்டது ஒரு போதகர். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

2 கொரிந்தியர் 7:6இல் பவுல், மக்கெதோனியாவில் வெளியே போராட்டமும் உள்ளே பயமுமாக இருந்தபோது, "தீத்து வந்ததினாலே" தேவன் ஆறுதல் செய்தார் என்கிறார். அப்போஸ்தலனுக்கே தேவன் ஒரு ஆளைத்தான் அனுப்பினார். தாவீது தான் குடியிருந்த சிக்லாகு ஊர் எரிந்த அன்று, கூட இருந்தவர்களே கல்லெறியப் பார்த்தபோது, கர்த்தருக்குள்ளே தன்னைத் திடப்படுத்திக்கொண்டார். யாரும் இல்லாத நாளும் உண்டு. ஆனால் அதையே வருஷக்கணக்கில் வழக்கமாக்கினால் ஆள் காய்ந்துவிடுவார். வாரத்தில் ஒருநாள் போனை அணைத்து வையுங்கள், மூன்று பேருக்கு மேல் ஒரே சமயத்தில் சுமக்காதீர்கள் என்று அவரிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு எங்கள் கூட்டத்திலிருந்து இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். ஜெபக்குறிப்பு எதையும் கொண்டுபோகவில்லை, வாழைப்பழம் மட்டும்.

"வெளியில எல்லாருக்கும் தைரியம் சொல்றார். வீட்டுல ஒரு நல்ல வார்த்தை வராது. இதுவும் வரமா?"

வரம்தான், வீட்டுக்கு வரும்போது தீர்ந்துபோய் வருகிறது. கூட்டத்தில் எட்டு மணி வரை அடுத்தவர் பேச்சைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எட்டரைக்கு வீட்டில் "என்னன்னு சீக்கிரம் சொல்லு" என்று கேட்கும் ஆட்களை எனக்குத் தெரியும், கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். தெசலோனிக்கேயர் நிருபத்தில் பவுல் இந்த ஊழியத்துக்கு உதாரணம் தேடும்போது மேடையைத் தேடவில்லை, பால்கொடுக்கிற தாயையும் பிள்ளைகளுக்குப் புத்திசொல்லும் தகப்பனையும் எடுக்கிறார். அப்படியென்றால் கணக்கு வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். பாராட்டைப் பற்றிச் சொன்ன பதிலை வீட்டுக்கும் வைத்துப் பாருங்கள்: "குழம்பு நல்லாருக்கு" என்று பொதுவாகச் சொல்வதைவிட, இன்றைக்கு அவர் எதைச் சுமந்தார் என்று பார்த்து, அதைச் சொல்வது.

என் மனைவி இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, கடைசிக் கேள்வியைக் கேட்டது யார் என்று கேட்டாள். சொல்லவில்லை. ஜெபக்குறிப்பு பற்றி எழுதியது எனக்கும் சேர்த்துத்தானே.